எம்.சி.பி. சர்வரை இன்ஸ்டால் செய்யும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை நான்கு மாதங்களாகத்தான் பயன்படுத்தி வருகிறார்.

"தம்பி, ஒரு வீடியோவைப் பார்த்து எம்.சி.பி. சர்வர் போட்டிருக்கேன். ஏ.ஐ. நம்ம பைல் எல்லாத்தையும் அதுவே அடுக்கி வச்சிடுமாம். இப்ப 'ஆல்வேஸ் அலோ'ன்னு ஒண்ணு கேக்குது. அழுத்திடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா. எதையும் அழுத்தாதீங்க. எந்த போல்டரைக் குடுத்திருக்கீங்க?"

"போல்டர் எல்லாம் தனியாக் குடுக்கலை. வீடியோவுல சி டிரைவ்னு போட்டிருந்தாங்க. அதையே நானும் போட்டேன்."

அந்த சி டிரைவில்தான் அவருடைய பென்ஷன் ஆணை, ஆதார் நகல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வங்கிப் பாஸ்புக்கின் படங்கள் எல்லாம் இருக்கின்றன.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் சாப்ட்வேர் இஞ்சினியர். 2025 செப்டம்பரில் ஒரு எம்.சி.பி. சர்வர் ஈமெயில்களைத் திருடிய செய்தியைப் படித்த இரவு, என் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கின்றன என்று திறந்து பார்த்தேன். நான்கு சர்வர்கள் இருந்தன. மூன்றுக்கு எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றிடம், என் புரோகிராம்கள் அனைத்தையும் படிக்கவும் அழிக்கவும் முடிகிற சாவி இருந்தது. எதுவும் திருடு போகவில்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் போகவில்லை என்று காட்ட என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அன்று முதல் எந்த சர்வரையும் சில சோதனைகளுக்குப் பிறகே போடுகிறேன். அவற்றை இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் இவற்றைச் செய்யலாம்.

எம்.சி.பி. சர்வர் என்பது என்ன?

ஏ.ஐ. சாட் புரோகிராமிடம் நாம் கேள்வி கேட்கிறோம். அது பதில் தருகிறது. அதுவாக உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைலைத் திறக்கவோ, உங்கள் பெயரில் ஈமெயில் அனுப்பவோ முடியாது. அந்த வேலைகளுக்கு இடையில் ஒரு சிறிய புரோகிராம் தேவை. ஏ.ஐ. "இந்த பைலைப் படி" என்று கேட்கும். இடையில் உள்ள புரோகிராம் படித்துக் கொடுக்கும். இப்படிப் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறையின் பெயர் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். சுருக்கமாக எம்.சி.பி. இதனை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. 2025 மார்ச்சில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. 2025 டிசம்பரில் லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் அமைந்த ஓர் அமைப்பிடம் இது ஒப்படைக்கப்பட்டது.

சர்வர் என்றதும் குளிர்சாதன அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரை நினைக்க வேண்டாம். இங்கே சர்வர் என்பது, கேட்டதை எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறு புரோகிராம்தான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே இன்ஸ்டால் ஆகி ஓடுவது. மற்றொன்று இண்டர்நெட்டில் வேறு யாரோ நடத்துவது. அதற்கு உங்கள் ஈமெயில் அல்லது வேறு அக்கவுண்ட்டைத் திறக்க அனுமதி மட்டும் கொடுக்கிறீர்கள். ஒரு சர்வர் செய்து தரும் ஒவ்வொரு வேலைக்கும் டூல் என்று பெயர். பைலைப் படிப்பது ஒரு டூல், பைலை எழுதுவது மற்றொரு டூல்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, புரோகிராம். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் சர்வருக்கு, நீங்கள் எந்த யூசராக லாக் இன் செய்திருக்கிறீர்களோ, அந்த யூசருக்கு உள்ள உரிமைகள் எல்லாம் உண்டு. "இந்த போல்டரை மட்டும் பார்" என்று செட்டிங்கில் எழுதுகிறோமே, அது பெரும்பாலும் நாம் சர்வரிடம் வைக்கும் வேண்டுகோள்தான். விண்டோஸ் போட்ட வேலி அல்ல. நல்ல சர்வர் அந்த வேண்டுகோளின்படி நடக்கும். கெட்ட சர்வர் பக்கத்து போல்டரையும் படிக்கும். அதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.

இரண்டாவது, எழுத்து. ஒவ்வொரு டூலுடனும் "இது என்ன செய்யும், எப்படிப் பயன்படுத்த வேண்டும்" என்று ஒரு விளக்கம் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிப்பது நாம் அல்ல, ஏ.ஐ. அந்த விளக்கத்தில் திருட்டுக் கட்டளை ஒன்றை எழுதி வைத்தால், ஏ.ஐ. அதையும் நாம் சொன்னதாக எண்ணிச் செய்துவிடலாம்.

"ஆன்டிவைரஸ் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். ஆன்டிவைரஸ் பெரும்பாலும் தெரிந்த வைரஸ்களையும் சந்தேகப்படும்படியான நடத்தையையும் தேடுகிறது. ஈமெயில் அனுப்பும் புரோகிராம் ஈமெயில் அனுப்பினால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கீழே வரும் நிகழ்ச்சியைப் படித்தால் இது புரியும்.

ஒரே ஒரு வரி செய்த வேலை

போஸ்ட்மார்க் என்பது நிறுவனங்களுக்கு ஈமெயில் அனுப்பித் தரும் ஒரு சேவை. அந்தச் சேவையை ஏ.ஐ. மூலம் பயன்படுத்த 'போஸ்ட்மார்க்-எம்.சி.பி.' என்ற பெயரில் ஒரு சர்வர், என்.பி.எம். என்னும் புரோகிராம் களஞ்சியத்தில் கிடைத்தது. பெயரைப் பார்த்தால் அந்த நிறுவனமே வெளியிட்டது போல இருக்கும். ஆனால் அதை வெளியிட்டவர் வேறு ஒருவர்.

முதல் 15 பதிப்புகள் ஒழுங்காகவே வேலை செய்தன. பலரும் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2025 செப்டம்பரில் வந்த 1.0.16 என்ற பதிப்பில் ஒரே ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. அனுப்பும் ஒவ்வொரு ஈமெயிலின் நகலையும் பி.சி.சி. முறையில் மற்றொரு முகவரிக்கு அனுப்பும் வரி அது. பி.சி.சி.யில் போனால் கடிதம் பெறுபவருக்கும் தெரியாது. அனுப்பியவரும் கவனிக்க மாட்டார். பாஸ்வேர்டை மாற்றும் கடிதமோ, இன்வாய்ஸோ, எது போனாலும் ஒரு நகல் அங்கே போய்ச் சேர்ந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது கோய் செக்யூரிட்டி என்ற நிறுவனம். அந்த சர்வர் வாரத்திற்குச் சுமார் 1,500 முறை டவுன்லோட் செய்யப்பட்டு வந்ததாகவும் தெரிவித்தது. தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று போஸ்ட்மார்க் நிறுவனம் அறிவித்தது. பின்னர் அது களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் களஞ்சியத்தில் நீக்கியதால், ஏற்கெனவே இன்ஸ்டால் செய்தவர்களின் கம்ப்யூட்டரிலிருந்து அது போய்விடாது. அவர்களே நீக்கினால்தான் உண்டு.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். பெயரை நம்பக் கூடாது. 15 முறை நல்லதாக இருந்தது 16-வது முறையும் நல்லதாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

இனி சோதனைகளைப் பார்ப்போம்.

சோதனை 1: இது எனக்குத் தேவையா?

ஒரு பைலைப் படித்துச் சுருக்கம் சொல்ல வேண்டும் என்றால், அந்த பைலை மட்டும் சாட் விண்டோவில் இணைத்துக் கேட்டால் போதும். சர்வர் எதற்கு? அடிக்கடி செய்யும் வேலை, பல பைல்களைத் தொடும் வேலை என்றால் மட்டுமே அடுத்த சோதனைக்குப் போங்கள். இன்ஸ்டால் செய்யாத புரோகிராம் எதையும் திருட முடியாது.

சோதனை 2: யார் தயாரித்தது?

தேடுபொறியில் வரும் முதல் லிங்க்கையோ வீடியோவின் கீழே கொடுத்திருக்கும் லிங்க்கையோ க்ளிக் செய்யாதீர்கள். எந்தச் சேவைக்கான சர்வரோ, அந்த நிறுவனத்தின் சொந்த வெப்சைட்டை நீங்களே டைப் செய்து திறந்து, அங்கிருந்து எம்.சி.பி. பக்கத்திற்குச் செல்லுங்கள். அங்கே கொடுத்திருக்கும் பெயரும் நீங்கள் இன்ஸ்டால் செய்யப் போகும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து கூடியிருந்தாலும், ஒரு சிறு கோடு இடம் மாறியிருந்தாலும் அது வேறு ஆளுடையது.

எம்.சி.பி.க்கு அதிகாரப்பூர்வமான பட்டியல் ஒன்று 2025 செப்டம்பரில் முன்னோட்டமாகத் திறக்கப்பட்டது. அதில் ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயரை வைத்துக்கொள்ள உரிமை உள்ளவர்தான் பதிவு செய்திருக்கிறார் என்று பொருள். அந்த சர்வரின் உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல அது. கடைக்குப் பெயர்ப்பலகை இருப்பது வேறு, சரக்கு சுத்தமாக இருப்பது வேறு.

சோதனை 3: அதன் பக்கத்தில் என்ன தெரிகிறது?

என்.பி.எம். களஞ்சியத்தில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் இவற்றைப் பாருங்கள்.

வெளியிட்டவர் யார்? அவர் பெயரை க்ளிக் செய்தால் அவர் வெளியிட்ட மற்றவையும் தெரியும்.

'வெர்ஷன்ஸ்' என்ற டேபில் முதல் பதிப்பு எப்போது வந்தது, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது?

'ரெபாசிட்டரி' என்ற இடத்தில் சோர்ஸ் கோடு இருக்கும் இடத்திற்கு லிங்க் இருக்கிறதா? இருந்தால் அதைத் திறந்து, கிட்ஹப் பக்கத்தில் 'இஷ்யூஸ்', 'செக்யூரிட்டி' ஆகிய டேப்களைப் பாருங்கள். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன குறைகள் அங்கே இருக்கும். அவற்றுக்குத் தயாரித்தவர் பதில் சொல்லியிருக்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிட்ஹப்பில் காட்டும் கோடும், களஞ்சியத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும் கோடும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே கோடு திறந்திருக்கிறது என்பது ஒரு நல்ல அடையாளம் மட்டுமே. ஸ்டார் எண்ணிக்கையையும் டவுன்லோட் எண்ணிக்கையையும் அதைவிடக் குறைவாகவே நம்புங்கள்.

சோதனை 4: இன்ஸ்டால் செய்யும் வரியைப் படியுங்கள்

பல ஏ.ஐ. புரோகிராம்களில் சர்வர்களின் விவரம் ஒரு கான்பிக் பைலில் இருக்கும். உதாரணமாக கிளாடு டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ் சென்று, டெவலப்பர் பிரிவில் எடிட் கான்பிக் என்பதைக் க்ளிக் செய்தால் அந்த பைல் இருக்கும் இடம் கிடைக்கும். அதனை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் மூன்று பகுதிகள் இருக்கலாம்.

'கமாண்ட்' என்பது எந்த புரோகிராமை ஓட்ட வேண்டும் என்பது. 'ஆர்க்ஸ்' என்பது அதனுடன் சேர்த்துக் கொடுக்கும் விவரங்கள். சர்வரின் பெயர், பதிப்பு எண், போல்டர் பெயர் ஆகியவை இங்கே வரும். 'என்வ்' என்பது பாஸ்வேர்ட் போன்ற ரகசியச் சாவிகள் இருக்கும் இடம்.

ஆர்க்ஸ் பகுதியில் சர்வரின் பெயருக்குப் பின்னால் @ குறியும் ஒரு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால், எந்தப் பதிப்பு ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை. எண்ணுக்குப் பதிலாக 'லேட்டஸ்ட்' என்று இருந்தால், இன்று இரவு வெளியாகும் பதிப்பு நாளைக் காலை உங்களைக் கேட்காமலே ஓடும். போஸ்ட்மார்க் விஷயத்தில் 15-லிருந்து 16-க்குப் பலர் இப்படித்தான் சென்றிருக்க முடியும்.

சில சர்வர்கள் .எம்.சி.பி.பி. என்ற எக்ஸ்டென்ஷனுடன் ஒரே பைலாக வரும். டபுள் க்ளிக் செய்தால் இன்ஸ்டால் ஆகிவிடும். உடனே டபுள் க்ளிக் செய்யாதீர்கள். இது உண்மையில் ஒரு ஜிப் பைல். பைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று சென்று எக்ஸ்டென்ஷனைக் காட்டச் செய்யுங்கள். பின்னர் அந்த பைலை ஒரு காப்பி எடுத்து, காப்பியின் எக்ஸ்டென்ஷனை .ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே மேனிபெஸ்ட் என்ற பைல் இருக்கும். நோட்பேடில் திறந்தால் தயாரித்தவர் பெயர், பதிப்பு எண், எந்த புரோகிராம் ஓடும் என்பதெல்லாம் தெரியும்.

இன்ஸ்டால் செய்ய "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுக்கச் சொன்னாலும், ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னாலும், அத்துடன் நிறுத்திவிடுங்கள். பைல் படிக்கும் சர்வருக்கு இவை இரண்டும் தேவையில்லை.

சோதனை 5: எவ்வளவு உரிமை கேட்கிறது?

பைல்களைக் கையாளும் சர்வர் என்றால் புதிதாக ஒரு போல்டரை உருவாக்கி அதை மட்டும் கொடுங்கள். சி டிரைவையோ டாக்குமெண்ட்ஸ் போல்டர் முழுவதையுமோ கொடுக்காதீர்கள்.

அப்படிக் கொடுத்தும் தவறு நடக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எம்.சி.பி.யை உருவாக்கியவர்களே மாதிரிக்காக வெளியிட்ட பைல்சிஸ்டம் சர்வரில் 2025-ல் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அனுமதித்த போல்டரின் பெயர் எந்த எழுத்துகளோ, அதே எழுத்துகளில் தொடங்கும் பக்கத்து போல்டரையும் அது திறந்துவிட்டது. அதாவது 'கணக்கு' என்ற போல்டருக்கு அனுமதி கொடுத்தால், அதன் பக்கத்தில் உள்ள 'கணக்கு-ரகசியம்' என்ற போல்டரும் திறந்துவிடும். இங்கே யாரும் திருட நினைக்கவில்லை, எழுதியவரின் கவனக்குறைவுதான். 2025.7.1 என்ற பதிப்பில் இது சரி செய்யப்பட்டது. நல்லவர் எழுதிய புரோகிராமிலும் ஓட்டை இருக்கலாம் என்பதால்தான், முக்கியமான பைல்களை அந்தப் பக்கமே வைக்கக் கூடாது என்கிறேன்.

அக்கவுண்ட்டுக்கான சாவி கேட்டால், படிக்க மட்டும் உரிமை உள்ள சாவி, காலாவதித் தேதி உள்ள சாவி கிடைக்குமா என்று பாருங்கள். கிட்ஹப் போன்ற இடங்களில் இவை இரண்டும் கிடைக்கும். இண்டர்நெட்டில் ஓடும் சர்வர் என்றால், லாக் இன் செய்யும்போது வரும் அனுமதிப் பட்டியலைக் கடைசி வரை படியுங்கள். காலண்டரைப் பார்க்கும் சர்வர் ஈமெயிலை அழிக்க அனுமதி கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள்.

சோதனை 6: டூல்களின் விளக்கத்தைப் படியுங்கள்

2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற நிறுவனம் ஒரு சோதனை செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சாதாரண டூல். ஆனால் அதன் விளக்கத்தில், கூட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரில் உள்ள கான்பிக் பைலையும் ரகசியச் சாவி உள்ள பைலையும் படித்து, கூட்ட வேண்டிய எண்களுடன் சேர்த்து அனுப்பும்படி ஏ.ஐ.க்குக் கட்டளை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஏ.ஐ. அப்படியே செய்தது. திரையில் தெரிந்த அனுமதி விண்டோவில் முழு விவரமும் தெரியவில்லை. கூட்டல் விடையும் சரியாகவே வந்தது. இதற்கு டூல் பாய்சனிங் என்று பெயர்.

எனவே சோர்ஸ் கோடில் டூல்களின் விளக்கம் எழுதியிருக்கும் இடத்தைத் தேடிப் படியுங்கள். அவை சாதாரண ஆங்கில வாக்கியங்கள்தான். டூலின் வேலைக்குச் சம்பந்தமில்லாத பைல் பெயர், "யூசரிடம் சொல்லாதே", "இதை முதலில் செய்யாவிட்டால் வேலை செய்யாது" என்பது போன்ற வரிகள் கண்ணில் பட்டால் அந்த சர்வர் வேண்டாம். படிக்கக் கடினமாக இருந்தால், அந்த எழுத்துகளை எந்த சர்வரும் இணைக்காத ஒரு ஏ.ஐ. சாட்டில் ஒட்டி, இதில் சந்தேகத்திற்கு இடமான கட்டளை இருக்கிறதா என்று கேட்கலாம். அது சொல்லும் பதிலை ஓர் உதவியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

சோதனை 7: மூன்றும் ஒன்று சேர்கிறதா?

சைமன் வில்லிசன் என்ற புரோகிராமர் 2025 ஜூனில் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். உங்கள் ரகசியத் தகவல்களைப் படிக்கும் வசதி, வெளியாட்கள் எழுதியதைப் படிக்கும் வசதி, வெளியே தகவல் அனுப்பும் வசதி, இந்த மூன்றும் ஒரே ஏ.ஐ.யிடம் சேர்ந்தால் ஆபத்து என்பதே அது.

இது கற்பனை அல்ல. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் கிட்ஹப்பின் சொந்த எம்.சி.பி. சர்வரை வைத்தே இதைக் காட்டியது. எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு புராஜெக்டில் யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம். அந்தப் புகாரில் ஒரு கட்டளையை ஒளித்து வைத்தார்கள். சொந்தக்காரர் தன் ஏ.ஐ.யிடம் "புகார்களைப் பார்" என்று சொன்னதும், அது அந்தக் கட்டளையைப் படித்து, அவருடைய ரகசிய புராஜெக்ட்களில் இருந்த விவரங்களை எடுத்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டது. சர்வர் போலி அல்ல. உரிமைகள்தான் தவறாகச் சேர்ந்துவிட்டன.

ஆகவே புதிய சர்வரைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே உள்ளவற்றுடன் சேர்த்துப் பாருங்கள். பைல் படிக்கும் சர்வர் தனியாக இருந்தால் பரவாயில்லை. அதனுடன் வெப்சைட்களைப் படிக்கும் சர்வரும் ஈமெயில் அனுப்பும் சர்வரும் சேர்ந்தால் மூன்றும் வந்துவிட்டன. தேவையில்லாத நேரத்தில் ஒன்றையாவது நிறுத்தி வையுங்கள்.

சோதனை 8: அப்டேட்டை எப்படிக் கையாள்வது?

பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுப் பூட்டி வையுங்கள் என்று சொன்னேன். ஆனால் பூட்டியே வைத்திருந்தாலும் ஆபத்துதான். எம்.சி.பி.-ரிமோட் என்ற புரோகிராம், கம்ப்யூட்டரில் உள்ள ஏ.ஐ. புரோகிராமை இண்டர்நெட்டில் உள்ள சர்வருடன் இணைக்கிறது. அதை 4,37,000 முறைக்கு மேல் டவுன்லோட் செய்திருந்தார்கள். மோசமான சர்வருடன் இணைந்தால், அந்த சர்வர் உங்கள் கம்ப்யூட்டரில் கட்டளைகளை ஓட்ட முடிகிற ஓட்டை அதில் இருப்பதை ஜேப்ராக் நிறுவனம் 2025 ஜூலையில் வெளியிட்டது. 0.1.16 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. பழைய பதிப்பிலேயே இருப்பவருக்கு அந்த ஓட்டை இன்றும் திறந்துதான் இருக்கும்.

எனவே அப்டேட் தானாக நடக்கவும் கூடாது. நடக்காமல் இருக்கவும் கூடாது. நீங்கள் செய்ய வேண்டும். மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று ஒவ்வொரு சர்வரின் பக்கத்தையும் திறந்து, பாதுகாப்புக் குறை ஏதாவது அறிவித்திருக்கிறார்களா, புதிய பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்று படித்துவிட்டு எண்ணை மாற்றுங்கள். மாற்றிய பின் சோதனை 6-ஐ மீண்டும் செய்யுங்கள். டூலின் விளக்கம் புதிய பதிப்பில் மாறியிருக்கலாம்.

முதல் முறை ஓட்டும்போது

முடிந்தால் விண்டோஸில் தனியாக ஒரு யூசர் அக்கவுண்ட் உருவாக்கி, அதை 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று வைத்து, அதில் லாக் இன் செய்து சர்வரை ஓட்டிப் பாருங்கள். அந்த யூசரால் உங்கள் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போல்டர்களை வழக்கமாகத் திறக்க முடியாது. இது விண்டோஸே போட்ட வேலி. ஆனால் டி டிரைவில் நேரடியாகப் போட்டு வைத்திருக்கும் பைல்களுக்கு இந்த வேலி பொதுவாக இருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

ஏ.ஐ. ஒரு டூலைப் பயன்படுத்தும் முன் உங்களிடம் அனுமதி கேட்கும். 'ஒருமுறை மட்டும்' என்பதையே அழுத்துங்கள். எழுதும், அழிக்கும், அனுப்பும் டூல்களுக்கு எப்போதும் 'ஆல்வேஸ் அலோ' கொடுக்காதீர்கள். அனுமதி விண்டோவில் வரும் விவரத்தை விரித்துப் பாருங்கள். கூட்டல் டூலுக்கு இரண்டு எண்களுக்கு மேல் ஏதாவது போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா?

சந்தேகம் வந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். கான்பிக் பைலிலிருந்து அந்த சர்வரின் பகுதியை நீக்கி சேவ் செய்யுங்கள். ஏ.ஐ. புரோகிராமை முழுவதும் மூடித் திறங்கள். அந்த சர்வருக்குக் கொடுத்திருந்த சாவிகளை, அவை கிடைத்த வெப்சைட்டுக்கே சென்று ரத்து செய்யுங்கள். புரோகிராமை நீக்கினால் சாவி செல்லாததாகிவிடாது; பலர் செய்யும் தவறு இதுதான். கூகுள் போன்ற அக்கவுண்ட்களில் வெளி புரோகிராம்களுக்குக் கொடுத்த அனுமதிப் பட்டியலைத் திறந்து, தெரியாதவற்றை நீக்குங்கள். அந்த போல்டரில் பாஸ்வேர்டுகள் இருந்திருந்தால், வேறு கம்ப்யூட்டரிலிருந்து அவற்றை மாற்றுங்கள். போய்விட்ட பைலைத் திரும்ப வாங்க முடியாது. போன சாவியைப் பயனற்றதாக்க முடியும்.

சுருக்கமாக

1. தேவையா?
2. நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே பெயர் இருக்கிறதா?
3. வெளியிட்டவர், பதிப்புகள், குறைகள் பார்த்தாயிற்றா?
4. இன்ஸ்டால் வரியில் பதிப்பு எண் இருக்கிறதா?
5. ஒரு போல்டர், படிக்க மட்டும் சாவி, இவை போதுமா?
6. டூல் விளக்கங்களைப் படித்தாயிற்றா?
7. மூன்று வசதிகளும் ஒன்று சேராமல் இருக்கின்றனவா?
8. அப்டேட் பார்க்கும் நாள் குறித்தாயிற்றா?

எல்லாவற்றையும் முடிக்க அரை மணி நேரம் ஆகலாம். ஒன்றுக்காவது 'இல்லை' என்று பதில் வந்தால், அதைச் சரி செய்யும் வரை காத்திருங்கள்.

பெரியப்பா போட்டிருந்த சர்வர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதன் பெயர், அதிகாரப்பூர்வமான சர்வரின் பெயரிலிருந்து ஒரு சொல் மாறியிருந்தது. சோர்ஸ் கோடுக்கு லிங்க் இல்லை. அது கெட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நல்லது என்று சொல்லவும் எதுவும் கிடைக்கவில்லை. நீக்கச் சொன்னேன். சி டிரைவ் முழுவதையும் கொடுத்து ஒருமுறை ஓட்டிவிட்டார் என்பதால், வங்கி, ஈமெயில் பாஸ்வேர்டுகளை அன்றே வேறு கம்ப்யூட்டரில் மாற்றினோம். அதற்கே மாலை ஆகிவிட்டது. மறு வாரம் அதிகாரப்பூர்வமான சர்வரைப் பதிப்பு எண்ணுடன் போட்டு, 'அடுக்க வேண்டியவை' என்று ஒரு புதிய போல்டர் உருவாக்கி, பழைய புகைப்படங்களின் காப்பிகளை மட்டும் அதில் வைத்தோம்.

"இவ்வளவு பார்த்துத்தான் போடணும்னா, அந்த வீடியோவுல ஏன் தம்பி ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டார் பெரியப்பா.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன்.